வாரியில் நின்ற பேபி கார்

சமதரையில் அழகிரிசாமி காரை நிறுத்தி அவர் மனைவி ரங்கநாயகி பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டு வாசலில் தாராளமாக இடம் கிடக்கும். அவர் இரண்டு தெரு தள்ளிப் போவார். எங்கே தரை கொஞ்சமாவது சாய்கிறதோ அங்கே, மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேர்வார். பந்தியில் உட்கார்ந்தாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கல் இருக்கிறதா என்று பார்த்து வருவார். பஸ்ஸில் போகும் நாட்களில்கூடக் கண் சும்மா இருக்காது. "பாரு நாயகி, எவ்வளவு நல்ல எறக்கம்! அதுல ஒருத்தன் மாட்டைக் கட்டி வெச்சிருக்கான்" என்பார்.

அந்தக் கார் ஐம்பத்தைந்தில் வந்தது. ஊருக்குக் கப்பலேறிய ஒரு எஸ்டேட் துரை போட்டுவிட்டுப் போனது. நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். பீளமேட்டில் எல்லோரும் அதைப் பேபி என்றார்கள். மலையில் பத்துப் பதினைந்து வருஷம் ஏறி இறங்கிய வண்டியாதலால் பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் இழுக்கும். பேட்டரி இருந்தும் இல்லாததுதான். செல்ஃபை அழுத்தினால் ஒரு முனகல் கேட்கும், அதோடு சரி. முன்னால் கம்பியை விட்டுச் சுற்றலாமென்றால், அது திருப்பி அடித்து ஒருமுறை அவர் மணிக்கட்டு வீங்கி ஒரு மாசம் வலது கையால் சாப்பிடவில்லை. அதனால்தான் இறக்கம். இறக்கத்தில் உருட்டி, இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் நாலு உதறு உதறிவிட்டுக் கிளம்பும். கிளம்பிய பிறகு அந்த இரண்டாம் கியர் தானாக நழுவும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரங்கநாயகி அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவள் காரோட்டப் படித்தவள் அல்ல. கல்லை எடுத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ள ஒரு ஆள் வேண்டும், உள்ளே ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் அவளும் ஏறத் தொடங்கினாள். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசினார்கள். காரில் ஏறிவிட்டால் இருவர் வாயிலும் தமிழ்தான் வரும். பட்டறைச் சாமானெல்லாம் தமிழிலேயே பழுதாகிப் பழகியவை.

"இதை வித்துப்போட்டு பஸ்ஸுல போனா என்னங்க?" என்று அவள் கேட்காத மாதம் இல்லை.

"பஸ்ஸுல போய் எறங்குனா தோட்டத்துல நிக்க வெச்சே பேசி அனுப்பிருவாங்க. கார்ல போனா கட்டிலை எடுத்துப் போடறாங்க."

"தள்ளிட்டுப் போனாலுமா?"

"தள்ளிட்டுப் போனாலும் காரு காருதான்."

அழகிரிசாமி பதினாறு வருஷம் மில்லில் பிட்டராக இருந்துவிட்டு, வேலையை விட்டு வந்து, பீளமேட்டில் ஒரு பட்டறை போட்டுக் கிணற்று மோட்டார் செய்யத் தொடங்கியவர். அப்போது கரண்டுக் கம்பி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. கிணறு வைத்திருக்கிறவர்களெல்லாம் மோட்டாரைப் பற்றியே பேசினார்கள். ஆனால் பேர் தெரிந்த கம்பெனி மோட்டாரைத்தான் வாங்கினார்கள். அழகிரிசாமி செய்து அடுக்கிய மோட்டார்கள் பட்டறைச் சுவரோரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. "உன் எடம் இன்னும் காலியாத்தான் இருக்குது, வந்துரு" என்று மில் மேஸ்திரி இரண்டு தரம் ஆள் விட்டுவிட்டார். மூன்றாம் தரம் ஆள் வந்தால் போய்விடுவது என்று அழகிரிசாமி வீட்டில் சொல்லியிருந்தார். சொன்ன நாளிலிருந்து அவர் தூங்கவில்லை. படுத்தபடியே கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டிருப்பார். அந்த ஆட்டத்தில் ரங்கநாயகிக்கும் தூக்கம் போய்விடும். மில்லுக்குத் திரும்பிப் போனால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்பதுதான் அவளுக்குப் பயம். சம்பளம் வரும், சங்குச் சத்தத்துக்கு எழுந்து போவார், வருவார். ஆனால் போகிறவர் இவராக இருப்பாரா?

அப்படியிருக்கும்போது ஐம்பத்தெட்டு மாசியில் உடுமலைப் பக்கமிருந்து ஒரு சொல் வந்தது. நாச்சியம்மாள் என்றொரு அம்மாள். புருஷன் இல்லை, தோட்டத்தைத் தானே பார்க்கிறவர். கம்பம் நட்டாயிற்று, மோட்டார் அறை கட்டியாயிற்று, மோட்டார்தான் பாக்கி. பொள்ளாச்சியிலிருந்து ஒரு கம்பெனி ஏஜென்டும் வருகிறானாம். இரண்டு பேரிடமும் பேசிவிட்டு முடிவு சொல்லுவாராம். நாச்சியம்மாள் வாங்கினால் அந்தச் சுற்று வட்டாரமே அதைத்தான் வாங்கும் என்று சொல்லியனுப்பியவர் சொன்னார்.

ஏஜென்டுக்கு ஒரு நாள் முந்திக்கொள்ள வேண்டும் என்று அழகிரிசாமி மறுநாளே கிளம்பினார். ரங்கநாயகி பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து மூடி பறந்தது. ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டு ஊற்றினார்கள். பொள்ளாச்சிக்கு அந்தப்புறம் வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றது. அவர் தலைத்துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு, அது ஆறும்வரை ரோட்டின் குறுக்கே நடந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, பின்னால கடக் கடக்குன்னு ஒண்ணு கேக்குதே?"

"கதவுதான். கயித்தை இறுக்கிக் கட்டு."

"கதவை நான்தானுங்க புடிச்சிட்டிருக்கேன்."

"அப்ப மடக்கு சீட்டு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இந்தக் காரில் சத்தம் வராத இடம் ஹாரன் ஒன்றுதான்.

தோட்டம் மேசை மாதிரி சமதரை. அழகிரிசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழுத்தை நாலு பக்கமும் திருப்பினார். களத்து மேடு சமம், தென்னந்தோப்பு சமம், வண்டித்தடம் சமம். ஒரே ஒரு இறக்கம்தான் கண்ணில் பட்டது. கிணற்றின் வாயிலிருந்து வயலைப் பார்த்துச் சாய்ந்து இறங்கும் மண் சரிவு. தோல்பைக் கவலை இறைக்கும் மாடுகள் அதில்தான் கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். தோல்பை நிறைந்து மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் பின்னாலேயே ஏறும். அந்தச் சரிவை வாரி என்பார்கள். மாடுகள் அப்போது மத்தியான ஓய்வுக்காகப் புளியமரத்தடியில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

"வேண்டாங்க" என்றாள் ரங்கநாயகி.

"சித்த நேரந்தான். மாடு பூட்டறதுக்குள்ள பேசி முடிச்சர்லாம்."

சரிவின் அடியிலிருந்து அவர் ரிவர்ஸில் ஏற்றினார். கார் புகைவிட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே, இரு பக்கத்து மண்கரைக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கொண்டு கிணற்று வாய்வரை ஏறி நின்றது. கவலை ஓட்டும் தம்பிதுரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"அட, மாடாட்டமே பின்னாலயே ஏறுதுங்க! பருத்திக்கொட்டை ஊறப் போடட்டுமா?"

"கல்லு ஒண்ணு எடுப்பா" என்றார் அழகிரிசாமி.

நாச்சியம்மாள் ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை மென்றபடி வந்து கிணற்றுத் தலையில் நிற்கும் காரைப் பார்த்தார். கட்டில் எடுத்துப் போடச் சொன்னார். ஒறம்பரை வந்தால் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் வந்தன. அழகிரிசாமி பேசினார். செம்புக் கம்பிக் காயில் எப்படிச் சுற்றியிருக்கிறது, பேரிங் எந்த ஊர்ப் பேரிங், எத்தனை அடி ஆழத்திலிருந்து இழுக்கும் என்று விரலால் கட்டிலில் வரைந்து வரைந்து சொன்னார். மோட்டாரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் கால் ஆடுவதில்லை. ரங்கநாயகி அதைக் கவனித்தாள். நாச்சியம்மாள் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"எல்லாஞ் சரிங்க நாயக்கரே" என்றார் நாச்சியம்மாள் கடைசியில். "தம்பிதுரை மாட்டைப் பூட்டோணும். மொளகா நாத்து நட்டு இன்னைக்கு மூணாம் நாள். உசுருத் தண்ணி உடோணும். காரை எடுத்துப்போடுங்க, அப்புறம் பேசலாம்."

நாற்று நட்ட அன்று ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். அது தவறினால் வேர் மண்ணைப் பிடிக்காது. பட்டறைக்காரர் ஆனாலும் அழகிரிசாமியும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான். அவருக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எழுந்து ஓடினார். ரங்கநாயகி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டாள். அவர் கல்லை உருவினார், பின்னால் போய் ஒரு தள்ளு தள்ளினார். கார் உருண்டது. பாதிச் சரிவில் "உடு!" என்று அவர் கத்த, அவள் கிளட்சை விட்டாள்.

டொக் என்று ஒரு சத்தம். காரின் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. ரங்கநாயகி கண்ணாடி வழியே பார்த்தபோது, காரை முந்திக்கொண்டு அதன் பின்சக்கரம் தனியாகச் சரிவில் இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, மிளகாய்ப் பாத்திக்குள் போய்ச் சுழன்று விழுந்தது. முறிந்த ஆக்சில் துண்டு அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடக் கடக் என்றது அதுதான்.

அன்று உடுமலைச் சந்தை. ஆண் ஆட்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். மிஞ்சியது தம்பிதுரையும் இவர்களும்தான். மாட்டை முன்னால் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். சக்கரமில்லாத பக்கம் இரும்பு மண்ணைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்று நாச்சியம்மாள் ஓடி வந்தார். "வாரியப் பேத்துப் போட்டீன்னா நாளைக்கு மாடு எதுல எறங்கும்? கால் முறிஞ்சு கெடக்கும்."

ஏற்கெனவே முழங்கால் ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது.

ஒற்றைக் கவலைக் கிணறு அது. அந்த ஒரு சரிவு அடைத்தால் தண்ணீர் இல்லை. அழகிரிசாமி காருக்கு அடியில் புகுந்தார், வெளியே வந்தார், மறுபடியும் புகுந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அவரால் சும்மா நிற்க முடியவில்லை. ரங்கநாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடத்தோடு கிணற்றுப் படியில் இறங்கினாள். நாச்சியம்மாளும் இறங்கினார். இருவரும் மாறி மாறிச் சுமந்து பொழுது சாயும்வரை ஊற்றியும் நாலைந்து பாத்திதான் நனைந்தது. மற்ற பாத்திகளில் நாற்று தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

"அந்தப் பொள்ளாச்சிக்காரன் நாளைக்கு வாரான்" என்றார் நாச்சியம்மாள் குடத்தை இறக்கிக்கொண்டே. "அவன் ஜீப்புல வருவானாட்ட இருக்குது."

ரங்கநாயகி தன் குடத்தைப் பாத்தியில் கவிழ்த்தாள். மில் சங்கு காதில் கேட்ட மாதிரி இருந்தது.

சந்தையிலிருந்து திரும்பிய ஆட்கள் இருட்டும் நேரத்தில் வந்து, சிரித்துக்கொண்டே காரை அலாக்காகத் தூக்கித் தென்னந்தோப்பில் வைத்தார்கள். வண்டிக்காரன் ஒருவன், "ஏனுங்க நாயக்கரே, மோட்டாருக்கும் நாலு சக்கரம் இருக்குதுங்களா?" என்று கேட்டான். அழகிரிசாமியும் சிரித்தார். அன்றிரவு இருவருக்கும் அங்கேயே படுக்கை. விடிந்ததும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வாரியில் விழுந்த குழிக்குக் களிமண்ணும் சரளையும் சுமந்து கொட்டி, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கத் தொடங்கினார். தம்பிதுரை கூட வந்தான். மாட்டின் குளம்பு புதையாத அளவுக்கு இறுக அந்த நாள் முழுதும் பிடித்தது.

நடுவில் பொள்ளாச்சி ஏஜென்ட் ஜீப்பில் வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை. தங்கள் மோட்டார் கெடவே கெடாது என்று சொன்னான். ஒரு காகிதத்தைக் கொடுத்தான், மோர் குடித்தான், போய்விட்டான். சரிவில் மண் அடிக்கிறவர் யாரென்று அவன் கேட்கவில்லை. அழகிரிசாமியும் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலையில்தான் கவலை ஓடியது. உயிர்த் தண்ணீர் மூன்றாம் நாள் போக வேண்டியது ஐந்தாம் நாள் போயிற்று. பாதிக்கு மேல் நாற்று எழுந்திருக்கவில்லை. மறு நடவுக்கு அந்தப் பக்கம் எங்கேயும் நாற்று இல்லை.

அழகிரிசாமி நாச்சியம்மாள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நட்டத்துக்கு என்ன உண்டோ நான் குடுத்தர்றேனுங்கம்மா."

"பணமா? நாத்து உங்ககிட்டப் பணமா கேட்டுது? தண்ணி கேட்டுது." நாச்சியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மோட்டாரை எப்பக் கொண்டாறீங்க?"

அவருக்குப் புரியவில்லை. ரங்கநாயகிக்கும்தான்.

"அந்த ஜீப்புக்காரன் கெடவே கெடாதுன்னான். கெடாத சாமான் ஒலகத்துல எதுங்க? கெட்டுப்போனா அவன் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ரெண்டு நாளாப் பாத்துப்போட்டேன். கொண்டாந்து மாட்டுங்க. ஆனா ஒண்ணு, நாயக்கரே. எனக்கு ஒரு உசுருத் தண்ணி நீங்க பாக்கி. அதைப் பணத்துல கழிக்காதீங்க, மோட்டார்லயும் கழிக்காதீங்க. தண்ணிக்குத் தண்ணி."

திரும்பும்போது பஸ்ஸில் ரங்கநாயகி கேட்டாள்: "நான் கிளட்சை வெடுக்குனு உட்டுட்டனாட்ட இருக்குதுங்க?"

"மெதுவா உட்டிருந்தாலும் அது இன்னும் பத்து மைல்ல முறிஞ்சிருக்கும். நீ சத்தம் கேக்குதுன்னு சொன்னப்பவே நான் எறங்கிப் பாத்திருக்கோணும்." அவர் கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

மில் மேஸ்திரியின் மூன்றாவது ஆள் வந்தபோது, அழகிரிசாமி நாச்சியம்மாளின் மோட்டாரை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டே உடுமலை வட்டாரத்தில் சுவரோரம் கிடந்ததெல்லாம் விற்றது. "வாரியில காரை நிறுத்துன நாயக்கர் மோட்டார்" என்றே அங்கே பெயர். பட்டறைக்கு இரண்டாவது லேத் வந்தது. பேபிக்குப் புது ஆக்சில் போட்டார். அப்புறம் கார்புரேட்டர் போயிற்று, பிஸ்டன் ரிங் தேய்ந்து நீலப் புகை வந்தது, தரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. ஒவ்வொன்றாக மாற்றினார். முழுசாக மாற்றவில்லை. இறக்கம் தேடும் பழக்கமும் போகவில்லை.

அந்தப் பாக்கி மட்டும் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மோட்டாரைப் பார்க்கும் சாக்கில் நாச்சியம்மாள் தோட்டத்துக்குப் போவார். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்து ஓடும். "என்னங்கம்மா, என் பாக்கி தீந்துருச்சுங்களா?" என்பார்.

"கிணறு என்னுது, கரண்டுக் காசு என்னுது. இதுல உங்க தண்ணி எங்கீங்க?"

இருவரும் சிரிப்பார்கள். ரங்கநாயகிக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பாதிதான் வரும். வழி நெடுக அவர் பேசாமல் வருவதைப் பார்க்கிறவள் அவள்தானே. கிணறும் இல்லாமல், குளமும் இல்லாமல், குழாய்த் தண்ணீர் குடிக்கிற ஊர்க்காரர் தண்ணீருக்குத் தண்ணீர் எங்கிருந்து கொடுப்பார்? இது விளையாட்டா, நிஜமா? நிஜமென்றால் ஒரு மனுஷன் இப்படிக்கூட மாட்டிக்கொள்ள முடியுமா?

அறுபத்தாறில் மழை இல்லை. நாச்சியம்மாள் கிணற்றில் நீர்மட்டம் மோட்டார் உறிஞ்சும் எல்லைக்குக் கீழே போய்விட்டது. மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்க வேண்டும். அந்த முறையும் மிளகாய் நட்டிருக்கிறது என்று பஸ் கண்டக்டர் மூலமாகச் சொல்லியனுப்பினார். தண்ணீருக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு வழி வந்ததும் அழகிரிசாமியின் முகம் அன்று எப்படி மலர்ந்ததென்று ரங்கநாயகி பார்த்தாள். "நாளைக்கே வாரேன்னு சொல்லுங்க" என்றார் கண்டக்டரிடம். இரும்புச் சட்டம் ஒன்றைத் தானே வெட்டி, ஓட்டை போட்டுத் தயார் செய்தார். மறுநாள் காலையில் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நாயகி, சித்தத் தண்ணி" என்றவர் அவள் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, மகன் கோவிந்தராஜுலுவை அழைத்துக்கொண்டு ரங்கநாயகி பஸ்ஸில் உடுமலை போய் இறங்கினாள். கோவிந்தராஜுலு கிணற்றுக்குள் சட்டம் அடித்து மோட்டாரை இறக்கினான். நாச்சியம்மாள் அவன் கூலியை ஒரு காசு குறைக்காமல் கொடுத்தார். மிளகாய் நாற்று ஏற்கெனவே காய்ந்து கிடந்தது.

ரங்கநாயகி அந்தப் பாத்திகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, அவரு உங்களுக்கு ஒரு தண்ணி பாக்கி வெச்சிருந்தாரு. அதை நான் எப்படித் தீர்க்கறதுன்னு சொல்லுங்க. இல்லீன்னா உட்டுட்டேன்னாவது ஒரு சொல் சொல்லிப்போடுங்க."

நாச்சியம்மாள் குனிந்து காய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார்.

"நீ வாங்குன கடனில்லை அது, அம்மணி. உன்கிட்ட வாங்கமாட்டேன்."

"அப்ப உட்டுட்டீங்களா?"

"உடறதுக்கு அவரு கேக்கலியே. கேட்டிருந்தா அன்னைக்கே உட்டிருப்பேன். குடுக்கறேன், குடுக்கறேன்னுதானே ஒவ்வொரு வருசமும் வந்தாரு. இப்ப நான் எப்படி உடறது? பாக்கி இருக்கட்டும்."

மோட்டார் ஓடத் தொடங்கியது. காய்ந்த பாத்திக்குள் தண்ணீர் நுழைவதைப் பார்த்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கோவிந்தராஜுலு கூப்பிடும்வரை, ரங்கநாயகி வரப்பிலேயே நின்றாள்.